எருமைப் பாலும் கருப்பு டி-ஷர்ட்டும்: கோவளத்திலிருந்து ஒரு துணிக்கதை

போன வருஷம் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்காக 40 கருப்பு டி-ஷர்ட் அடிக்கக் கொடுத்தேன். கோவளம் கடற்கரையில் குப்பை பொறுக்கும் நிகழ்ச்சி. முன்பக்கம் ஒரு ஆமைப் படம், பின்பக்கம் சங்கத்தின் பெயர். வந்து இறங்கியபோது பார்க்க அமர்க்களமாக இருந்தது. மூன்று தடவை துவைத்ததும் ஆமையின் ஓடு காணாமல் போய்விட்டது. வெள்ளை மை இருந்த இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்து, சங்கத் தலைவர் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிப் போச்சு. அடித்துக் கொடுத்த கடையின் பெயர் இங்கே வேண்டாம். அவர்களிடம் கேட்டதற்கு, "துணி சரியில்ல சார்" என்றார்கள். துணியை வாங்கிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

நான் மென்பொருள் ஆள். ஏதாவது உடைந்தால் ஏன் உடைந்தது என்று லாகைத் திறந்து பார்க்காமல் தூக்கம் வராது. அப்படித் தேடப் போனது, தாம்பரத்திலிருந்து கோவளத்துக்கும், அங்கிருந்து 18-ஆம் நூற்றாண்டுக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கதைதான் இது.

கோவளத்துத் தம்பி சொன்னது

கேளம்பாக்கத்திலிருந்து உப்பளங்களைத் தாண்டி கோவளம் போகிற சாலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மீனவர் குப்பம், தமீம் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா கோயில், இப்போது அலைச்சறுக்குப் பள்ளிகள், 2021-இல் நீலக்கொடிச் சான்றிதழ் வாங்கிய கடற்கரை. அலைச்சறுக்குக்கு வருகிற கூட்டத்தை நம்பி ஊரில் டி-ஷர்ட் வியாபாரமும் நடக்கிறது. ஒரு சந்துக்குள், பத்துக்குப் பன்னிரண்டு அறையில், டிடிஜி இயந்திரம் ஒன்றை வைத்து ஓட்டும் ஒரு தம்பியை நண்பர் மூலமாகப் பிடித்தேன்.

டிடிஜி என்றால் டைரக்ட் டு கார்மென்ட். வீட்டில் காகிதத்தில் அச்சடிக்கிற இங்க்ஜெட் பிரிண்டரை அப்படியே துணிக்குக் கொண்டுவந்தது. மேத்யூ ரோம் என்ற அமெரிக்கர் 1996-இல் விண்ணப்பித்து 2000-இல் காப்புரிமை வாங்கிய இயந்திரத்திலிருந்து இதன் வணிகக் கதை தொடங்குகிறது. ஸ்கிரீன் பிரிண்டிங் மாதிரி நிறத்துக்கு ஒரு சட்டம் தேவையில்லை. ஒரே ஒரு சட்டை வேண்டுமென்றாலும் அடிக்கலாம்.

என் வெடித்த டி-ஷர்ட்டைத் தம்பியிடம் நீட்டினேன். விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தான். "ப்ரீட்ரீட் ஒழுங்கா அடிக்கல சார். அடிச்சுட்டு காயவும் வைக்கல. மெஷின் மேல தப்பே இல்ல" என்றான். டாக்டர் நாடி பிடித்துச் சொன்ன மாதிரி இருந்தது.

ப்ரீட்ரீட் என்பது அச்சடிப்பதற்கு முன்னால் துணியின் மேல் தெளிக்கிற ஒரு தண்ணீர் மாதிரியான கரைசல். தெளித்த பிறகு ஹீட் பிரஸ்ஸில் வைத்துச் சுமார் 160 டிகிரியில் அழுத்திக் காய வைக்க வேண்டும். அப்புறம்தான் அச்சு. ஏன் இது வேண்டும் என்பதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் சாவியே அதுதான்.

இங்க்ஜெட் தலையில் உள்ள ஓட்டைகள் தலைமுடியை விடச் சின்னவை. அதற்குள் போக வேண்டுமானால் மை தண்ணீரை விடக் கொஞ்சம்தான் கெட்டியாக இருக்கலாம். அப்படிப்பட்ட மையைப் பருத்தித் துணியில் விட்டால் என்ன ஆகும்? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி நூலுக்குள் ஏறி, நாலு பக்கமும் பரவி, உள்ளே இறங்கிவிடும். வெள்ளைத் துணியில் கோடு மங்கும். கருப்புத் துணியில் இன்னும் மோசம். அங்கே முதலில் வெள்ளை மையை ஒரு அடித்தளமாகப் போட்டு, அதன் மேல்தான் மற்ற நிறங்கள். வெள்ளை மை டைட்டானியம் டைஆக்சைடு. அது உள்ளே இறங்கிவிட்டால் கருப்புத்தான் ஜெயிக்கும்.

ப்ரீட்ரீட் கரைசலில் பெரும்பாலும் கால்சியம் உப்பு, அல்லது நேர் மின்னூட்டம் கொண்ட பாலிமர் இருக்கும். மையிலுள்ள நிறத்துகள்கள் எதிர் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கின்றன. கால்சியத்தைத் தொட்டதும் அந்தத் தள்ளுதல் போய், துகள்கள் அந்த இடத்திலேயே கூடிக் கட்டியாகிவிடும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறதே, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம். மை துணிக்குள் ஓடுவதற்கு முன்னால் மேற்பரப்பிலேயே திரிந்து நின்றுவிடுகிறது.

"கம்மியா அடிச்சா வெள்ளை உள்ள போயிடும். ஜாஸ்தியா அடிச்சா மஞ்சளா பெட்டி மாதிரி கறை தெரியும், துவைச்சா உரியும்," என்றான் தம்பி. ஒரு கருப்புச் சட்டைக்குச் சுமார் 20 கிராம் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆனால் கோவளத்தில் கணக்கு அப்படியே நிற்காது. கடல் காற்று. சட்டை பையிலிருந்து வெளியே வந்த பத்து நிமிஷத்தில் ஈரம் குடித்துவிடும். அதனால் தெளிப்பதற்கு முன்னாலேயே ஒரு தடவை பிரஸ் போட்டு ஈரத்தை விரட்டுகிறான். ஐப்பசியில் ஒரு அளவு, சித்திரையில் ஒரு அளவு. எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் பால்பாயின்ட் பேனாவில் எழுதி வைத்திருக்கிறான்.

அந்த நோட்டை மறக்காதீர்கள். கடைசியில் அதற்கு வருவேன்.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கரை

திரும்பி வரும்போது அந்த நட்சத்திர ஓட்டல் பக்கமாகக் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். ஓட்டல் இருக்கிற இடத்தில்தான் பழைய கோவளம் கோட்டை இருந்தது. இந்த ஊரின் பெயர் ஐரோப்பிய ஆவணங்களில் கோவ்லாங், கபெலோன் என்றெல்லாம் வரும். 1719 வாக்கில் இங்கே வந்து இறங்கியவர்கள் ஆஸ்டெண்ட் வணிகர்கள். ஆஸ்டெண்ட் இன்றைக்கு பெல்ஜியத்தில் இருக்கும் துறைமுகம், அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. 1722 டிசம்பரில் பேரரசர் ஆறாம் சார்லஸ் இவர்களுக்குக் கம்பெனி உரிமைப் பட்டயம் கொடுத்தார். வங்காளத்தில் பங்கிபஜார், சோழமண்டலக் கரையில் கோவளம், இவை இரண்டும்தான் இந்தியாவில் அவர்களுடைய முக்கியக் கிடங்குகள். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கொடுத்த நெருக்கடியில் 1727-இல் பட்டயம் நிறுத்தி வைக்கப்பட்டது, 1731-இல் கம்பெனிக்கு ஒரேயடியாக மூடுவிழா. அப்புறம் ஆற்காட்டு நவாப் இங்கே கோட்டை கட்டினார், 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1752-இல் கிளைவ் பிடித்தார், கோட்டை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. துறைமுகக் கனவு அத்தோடு சரி.

இத்தனை பேரும் இந்த மணல் கரைக்கு ஏன் அடித்துக்கொண்டார்கள்? இயற்கைத் துறைமுகம் கிடையாது, கப்பல் தூரத்தில்தான் நிற்க வேண்டும், மசூலாப் படகில்தான் சரக்கு ஏற்ற வேண்டும். பதில் ஒரே சொல்: துணி. 1639-இல் பிரான்சிஸ் டே சென்னையில் இடம் பிடித்தபோதும் அவர் மேலிடத்துக்குச் சொன்ன காரணம், மற்ற இடங்களை விட இங்கே துணி 20 சதவீதம் மலிவு என்பதுதான். தெற்கே சதுரங்கப்பட்டினம், வடக்கே பழவேற்காடு, இரண்டிலும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்து வாங்கியதும் துணிதான்.

துணியிலும் ஐரோப்பாவைப் பைத்தியமாக அடித்தது ஓவியத்துணி. நாம் கலம்காரி என்கிறோம், அவர்கள் சின்ட்ஸ் என்றார்கள். அதுவரை ஐரோப்பாவில் பருத்தியில் நிறம் போட்டால் ஒரு துவையலில் போய்விடும். என் ஆமை மாதிரி. சோழமண்டலத் துணியோ துவைக்கத் துவைக்க எடுப்பாகும் என்று பெயர் வாங்கியிருந்தது. மோகம் முற்றிப்போய், உள்ளூர் நெசவாளர்கள் பிழைப்பு போகிறதென்று பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. இங்கிலாந்தில் 1700-இல் ஒரு சட்டம், அது போதாமல் 1721-இல் இன்னொன்று. 1719-இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் கேலிகோ உடுத்திப் போன பெண்களின் உடையைக் கிழித்திருக்கிறார்கள். ஆஸ்டெண்ட் ஆட்கள் கோவளத்தில் வந்து இறங்கிய அதே காலம்.

இதன் ரகசியம் என்ன என்பது அன்றைக்கு ஐரோப்பாவின் பெரிய தொழில்நுட்பக் கேள்வி.

பதினோரு துண்டுத் துணி

அதற்குப் பதில் தேடிப் போனவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள்.

ஒருவர் போலியூ, பிரெஞ்சுக் கம்பெனியின் கடல் அதிகாரி. துஃபே என்ற பாரிஸ் விஞ்ஞானி கேட்டுக்கொண்டபடி 1734 வாக்கில் புதுச்சேரியில் ஓவியர்களைத் தன் கண் முன்னால் வேலை செய்ய வைத்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். மொத்தம் 11 துண்டுகள். குறிப்போடு சேர்த்து ஒட்டி அனுப்பியது இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கிட்டில் ஒவ்வொரு கமிட்டாகச் சேமித்து வைத்த மாதிரி. முதல் கமிட் வெறும் துணி, கடைசி கமிட் முழு ஓவியம்.

இன்னொருவர் கூர்து என்ற இயேசு சபைப் பாதிரியார். 1732-இல் தென்னிந்தியா வந்தவர், 1779-இல் புதுச்சேரியில் இறந்தார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்னாலேயே எழுதியவர் என்பதால் மொழியியல் ஆர்வலர்களுக்கு இவர் பெயர் தெரிந்திருக்கும். 1742 ஜனவரி 18 தேதியிட்டு இவர் எழுதிய நீண்ட கடிதம் ஓவியத்துணியின் செய்முறையை அடி முதல் நுனி வரை விவரிக்கிறது. ஓவியத்துணிக்குப் பிரான்சில் தடை இருந்த காலத்திலேயே அதைச் செய்வது எப்படி என்ற கடிதம் அங்கே அச்சாகிவிட்டது.

இரண்டு பேருடைய குறிப்பிலும் ஓவியம் தொடங்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பாதிதான் ப்ரீட்ரீட்.

முதலில் துணியை வெளுக்க வேண்டும், முழுக்க இல்லை, அரை வெளுப்பு. பிறகு கடுக்காயைப் பொடித்து எருமைப் பாலில் கலந்து, அதில் துணியை முக்கிப் பிசைந்து, பிழிந்து, வெயிலில் காய வைக்க வேண்டும். காய்ந்ததும் மடித்துக் கட்டையில் வைத்துக் கொட்டாப்புளியால் அடி அடியென்று அடித்து வழவழப்பாக்க வேண்டும். இதற்கு அப்புறம்தான் கலத்தையே கையில் எடுப்பது.

கடுக்காய் எதற்கு? அதில் டானின் நிறைய. பருத்தி இழை படிகாரத்தைத் தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளாது. டானின் இருந்தால் பிடித்துக்கொள்ளும். இரும்புக் கரைசல் பட்டால் அதே டானின் உடனே கருப்பாகும். பால் எதற்கு? பாலின் கொழுப்பும் புரதமும் இழைகளுக்கு மேல் ஒரு மெல்லிய பூச்சாக நின்று, எழுதிய நீர் பரவாமல் தடுக்கிறது. பசும்பாலை விட்டுவிட்டு எருமைப் பாலைப் பிடித்ததற்குக் காரணம் அதன் கொழுப்பு. கட்டையால் அடிப்பது எதற்கு? சிலும்பி நிற்கும் இழைகள் படியத்தான். தம்பி ஹீட் பிரஸ்ஸில் வைத்து அழுத்துவதும் இழையைப் படிய வைக்கத்தான்.

கருப்புக் கோடு போட்ட பிறகு சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீரால் எழுதுவார்கள். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாகும். மற்ற இடத்தில் ஒட்டிய லேசான நிறம், ஆட்டுச் சாணம் கரைத்த நீரில் ஊற வைத்து வெயிலில் போட்டுத் திரும்பத் திரும்ப நனைத்தால் போய்விடும். சாயவேர் என்பது இம்பூரல் செடியின் வேர். கடலோர மணல் நிலத்தில் வளரும். ராக்ஸ்பர்க் 1795-இல் வெளிவந்த தன் சோழமண்டலத் தாவர நூலில் இந்தச் செடியை விரிவாக எழுதியிருக்கிறார்.

இங்கே சென்னைக்காரர்கள் கவனிக்க ஒரு விஷயம். நம் ஊர்ப் பெயர்களிலேயே இந்த வேலைப் பிரிவினை உட்கார்ந்திருக்கிறது. வண்ணாரப்பேட்டை கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியேறிய இடம். திருவொற்றியூர் பக்கம் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த காலட் நெசவாளர்களுக்காக அமைத்தது. சிந்தாதிரிப்பேட்டை 1734-இல் ஆளுநர் பிட் காலத்தில் நூற்பவர், நெய்பவர், வெளுப்பவர், ஓவியர் எல்லாரையும் ஒரே இடத்தில் வைக்க உருவானது. மின்சார ரயிலில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கடந்து போகிறோம், ஒரு துணி ஆலையின் பிரிவுகள் வழியாகப் போகிறோம் என்று தோன்றுவதே இல்லை.

பால் ஏன் போனது, ஏன் திரும்பி வந்தது

செய்முறை கைக்கு வந்ததும் ஐரோப்பா அப்படியே காப்பி அடிக்கவில்லை. எருமைக்கு எங்கே போவார்கள்? பிரான்சில் 1759-இல் தடை நீங்கியது, 1760-இல் ஓபர்காம்ஃப் ஜூயியில் பட்டறை போட்டார். அங்கே கலம் கிடையாது, மரக்கட்டை அச்சு. கட்டையில் தடவ வேண்டுமானால் திரவம் கெட்டியாக இருக்க வேண்டும். படிகாரக் கரைசலில் பிசின் அல்லது மாவுக் கஞ்சி கலந்து கெட்டியாக்கினார்கள். கெட்டியான கரைசல் தானாகவே பரவாது. அதோடு, படிகாரத்தை ஈய அசிடேட்டோடு சேர்த்து அசிடேட்டாக மாற்றி, கடுக்காய் இல்லாமலேயே பருத்தியில் நேராக ஒட்ட வைத்தார்கள். சாயவேருக்குப் பதில் மஞ்சிட்டியின் ஐரோப்பிய உறவான மேடர் வேர்.

கவனியுங்கள், பரவாமல் தடுக்கிற பொறுப்பு துணியிலிருந்து மைக்கு இடம் மாறிவிட்டது. அதன் பிறகு வந்த உருளை அச்சு, ஸ்கிரீன் பிரிண்டிங், திருப்பூர் பனியன்களில் பார்க்கிற தடித்த பிளாஸ்டிசால் மை, எல்லாமே அந்த வழிதான். மை கெட்டி, துணி சும்மா. இருநூறு வருஷத்துக்கு மேல் இப்படித்தான் ஓடியது. (நம் ஊர் கட்டை அச்சுக்காரர்களும் பிசின் சேர்த்தவர்கள்தான். அது அந்தக் கருவியின் தேவை.)

டிடிஜி வந்தபோது மை மறுபடியும் தண்ணீர் ஆக வேண்டி வந்தது. ஓட்டை அவ்வளவு சின்னது. கெட்டியாக்க வழியில்லை. அதனால் பொறுப்பு திரும்பவும் துணிக்கே வந்துவிட்டது. மூங்கில் கலமும் இங்க்ஜெட் தலையும் ஒரே இனம். இரண்டும் நீர்த்த திரவத்தைக் கோடாக விடுகிற கருவிகள். (கலம்காரியிலும் கருப்பில் கொஞ்சம் கஞ்சி சேர்ப்பதுண்டு, ஆனால் கட்டை அச்சு அளவுக்கு இல்லை.) அதனால் இரண்டுக்கும் பிரச்சினை ஒன்று, தீர்வும் ஒன்று: மை வருவதற்கு முன்னால் துணியைத் தயார் செய். எருமைப் பால் நின்ற இடத்தில் இப்போது கால்சியம் கரைசல் நிற்கிறது.

வேதியியல் ஒன்று என்று சொல்லவில்லை. பால் வழியை அடைக்கிறது, கால்சியம் மையைத் திரிய வைக்கிறது. கடுக்காயும் படிகாரமும் சாயத்தை இழையோடு கட்டுகின்றன. டிடிஜியில் நிறத்துகள் ஒரு பசைப் படலத்தால் மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் 18-ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலத் துணி இன்னும் அருங்காட்சியகங்களில் சிவப்பாக இருக்கிறது, என் ஆமை மூன்று துவையலில் போனது.

வீட்டில் செய்து பார்த்தேன்

படித்தால் மட்டும் போதாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்கினேன். தாம்பரம் சந்தைக்குப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி, படிகாரம், மஞ்சிட்டி வாங்கினேன். சாயவேர் கிடைக்கவில்லை. முடிச்சூர் பக்கம் ஒரு பால்காரரிடம் அரை லிட்டர் எருமைப் பால். பழைய வேட்டி ஒன்றைக் கஞ்சி போக அலசி இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியை 50 கிராம் கடுக்காய்ப் பொடி கலந்த பாலில் முக்கிப் பிழிந்து மொட்டை மாடியில் காயப் போட்டேன். மறுபாதி சும்மா. வெல்லத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணிகளை மூன்று வாரம் முன்னாலேயே ஊறப் போட்டிருந்தேன்.

"என்னங்க, வீடு பூரா புளிச்ச மோர் நாத்தம் அடிக்குது" என்று கீழேயிருந்து குரல் வந்தது. நியாயமான புகார். மேகம் போட்டுத் துணி காய நேரமாகிவிட்டது. எருமைப் பாலைத் துணியில் போட்டுவிட்டு வெயிலை நம்பியிருந்தவர்கள் எவ்வளவு கவலையோடு வானத்தைப் பார்த்திருப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. தம்பியின் ஐப்பசி அளவும் சித்திரை அளவும் ஞாபகம் வந்தது.

மூங்கில் குச்சியைச் சீவி, ஆணித் தண்ணீரைத் தொட்டு இரண்டு துணியிலும் ஒரு கோடு போட்டேன். சும்மா துணியில் வெளுத்த பழுப்புக் கோடு, போட்ட நொடியிலேயே விரல் அகலத்துக்கு ஊறிப் பரவியது. பால் துணியில் கோடு போட்ட இடத்திலேயே நின்றது. நின்றதோடு, என் கண் முன்னாலேயே கருப்பாக மாறியது. சத்தியமாகச் சொல்கிறேன், இருபது வருஷம் கோட் எழுதி ஒரு டெஸ்ட் பாஸ் ஆனபோதும் இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. படிகாரம் போட்டு மஞ்சிட்டியில் கொதிக்க வைத்த சிவப்பு சுமாராகத்தான் வந்தது. செங்கல் நிறம். ஆனால் பத்துத் துவையலுக்கு அப்புறமும் இருக்கிறது.

நோட்டு யாருடையது?

இப்போது அந்த நாற்பது பக்க நோட்டுக்கு வருகிறேன்.

கூர்து பாதிரியாருக்குச் செய்முறை எப்படிக் கிடைத்தது என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஓவியர்களில் சிலர் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியவர்கள், அவருடைய கண்காணிப்பில் இருந்தவர்கள். அவர்களைத் தனித்தனியாகப் பல தடவை விசாரித்து, சொன்னதை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்து எழுதினார். ஆராய்ச்சி முறை என்று பார்த்தால் அருமை. ஆனால் ஞானஸ்நானம் கொடுத்தவர் கேட்கும்போது அந்த ஓவியர்களால் "சொல்ல மாட்டேன்" என்று சொல்லியிருக்க முடியுமா? தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்த தொழில். கடிதம் எழுதியவர் பெயர் நமக்குத் தெரியும், கேட்டு அனுப்பச் சொன்ன விஞ்ஞானி பெயர் தெரியும், பட்டறை போட்ட முதலாளி பெயர் தெரியும். சொன்ன ஓவியர்களில் ஒருவர் பெயர்கூட வரலாற்றில் பிரபலமாகவில்லை.

அந்த ஒரு கடிதத்தால்தான் சோழமண்டல ஓவியத்துணி அழிந்தது என்று சொன்னால் அது மிகை. தடைச் சட்டங்கள், கம்பெனி ஆட்சி, மான்செஸ்டர் மில் துணி, 1868-இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் செயற்கையாக அலிசரின் தயாரித்தது என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. சாயவேரின் சிவப்பும் அலிசரின்தான். அது ஆலையில் மலிவாகக் கிடைத்ததும் மணலில் வேர் தோண்டியவர்களின் பிழைப்பு போயிற்று. இன்னொரு பக்கம், அந்தக் கடிதமும் பதினோரு துண்டும் இல்லாவிட்டால் அன்றைய செய்முறையை இவ்வளவு துல்லியமாக இன்றைக்கு நம்மாலேயே தெரிந்துகொண்டிருக்க முடியாது. நான் மொட்டை மாடியில் கோடு போட்டதே அந்தக் கடிதத்தின் தயவில்தான். காளஹஸ்தியிலும், கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர் மரபிலும் கலம் இன்னும் ஓடுகிறது. கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நல்ல விஷயம், ஆனால் முந்நூறு வருஷம் தாமதம்.

இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்று தம்பியிடம் சொல்லப் போயிருந்தேன். முகமூடி இல்லாமல் ஒரு சின்ன ஸ்ப்ரே கன்னை வைத்துத் தெளித்துக்கொண்டிருந்தான். "முதல்ல மூஞ்சிக்கு மாஸ்க் போடுப்பா, அந்தப் புகை நெஞ்சுக்குள்ள போகுது" என்று திட்டினேன். சிரித்தான். பிறகு நோட்டைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தான். போன் கேமராவைத் திறந்தபோது கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "சார், படிச்சுப் பாருங்க. ஆனா அளவெல்லாம் போட்டுடாதீங்க. ரெண்டு வருஷம் சட்டை சட்டையா கெடுத்துக் கத்துக்கிட்டது. ஒவ்வொரு சட்டையும் என் காசு."

நான் திறந்த மூலநிரல் கட்சி. எதையும் எழுதி எல்லாருக்கும் பொதுவில் வைக்க வேண்டும் என்று இருபது வருஷமாகப் பேசி வருகிறவன். எனக்குச் சம்பளம் தரும் கம்பெனி இருக்கிறது, என் கோடை நான் இலவசமாகக் கொடுத்தாலும் மாசம் பிறந்தால் காசு வந்துவிடும். அவனுக்கு அந்த நோட்டுதான் கம்பெனி. போனைப் பையில் போட்டுவிட்டேன்.

ஆகவே மேலே நீங்கள் படித்த 20 கிராம், 160 டிகிரி எல்லாம் தொழிலில் எல்லாரும் சொல்கிற பொதுக்கணக்கு. அவனுடைய அளவு ஒன்றுகூட இதில் இல்லை. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் வருகிற மழைக்காலத்து விஷயம் ஒன்று உண்டு, படித்தபோது கைதட்ட வேண்டும் போல இருந்தது. அதை எழுத மாட்டேன். தெரிய வேண்டுமானால் கோவளம் போய் அவனிடம் சட்டை அடித்து, அவன் மனசு வைத்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்குத் திரும்ப 40 சட்டை அவனிடமே அடித்தேன். என்னுடையது இதுவரை பதினாறு துவையல் பார்த்துவிட்டது. ஆமை ஓட்டோடு இருக்கிறது.